நவம்பரில் பனாமாவுக்குப் போகாதீர்கள்

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தாராளமாகப் போகலாம். தெருவெல்லாம் கொடி, ஊரெல்லாம் மேளம், ரொம்ப நன்றாக இருக்கும். ஏதாவது ஒரு ஆபீசில் ஒரே ஒரு கையெழுத்து வாங்க வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். நவம்பரில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். மனு எழுதிக் கொடுப்பேன். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் ஆன்லைனில் போட்டுக் கொடுப்பேன். எந்த நாள் ஆபீஸ் உண்டு, எந்த நாள் கிடையாது, எந்த நாள் ஆபீஸ் திறந்திருந்தும் ஆள் இருக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நவம்பர் ஒன்றாம் தேதி புதுச்சேரிக்காரர்களுக்கு விடுதலை நாள், அங்கே லீவு; எங்களுக்குக் கிடையாது. அதைக்கூட விசாரிக்க வருகிறவர்களிடம் நானே சொல்லி அனுப்புவேன். அப்படிப்பட்ட பெரிய மனிதன், வேறொரு நாட்டுக்குக் கிளம்பும்போது அந்த நாட்டு லீவுப் பட்டியலைப் பார்க்கவில்லை. நம்ம ஊர்க் காலண்டரை மட்டும் பார்த்தேன்.

என் தம்பி குமரவேல் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்தான். பனாமா கால்வாய்க்குள் நுழைய வரிசையில் கப்பல் நின்றபோது நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கொலோன் என்ற துறைமுக ஊரில் உடலை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. முப்பத்தொரு வயது. கல்யாணமாகி நான்கு வருடம். அதில் அவன் எங்கள் ஊரான கெடாரில் வீட்டோடு இருந்த நாளையெல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது.

ரத்த சம்பந்தம் உள்ள ஒருவர் நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்று கப்பல் கம்பெனி சொன்னது. அடையாளம் காட்டி, அந்த ஊர் விசாரணை அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் உடலுக்கு எம்பாமிங் செய்ய விடுவார்கள். மருந்து ஏற்றிவிட்டால் முகம் கெடாமல் ஊர் வந்து சேரும். இதைச் சொன்னபோது தம்பி பெண்டாட்டி செல்வி அழக்கூட இல்லை.

"எனக்கு வேற எதுவும் வாணாம் மாமா. அவரு மூஞ்சிய ஒரே ஒரு தபா பாக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

புதன்கிழமையே டிக்கெட் கிடைத்தது. அன்று அஷ்டமி. மறுநாள் நவமி. அம்மா ஒரே பிடியாக நின்றாள். "போனவன் போய்ட்டான். நீ போறது கடலு தாண்டி. அஷ்டமியில கெளம்பி உனக்கும் ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னாடா பண்ணுவேன்?" சாவுக்குப் போக நாள் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். வெள்ளிக்கிழமை நவமி கழிந்த பிறகு கிளம்பினேன்.

பனாமாவில் இறங்கியபோது சனிக்கிழமை. கப்பல் கம்பெனிக்கு அங்கே வேலை பார்த்துக் கொடுக்கும் மரிசோல் என்ற பெண்மணி என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். துக்கம் விசாரித்துக் கையைப் பிடித்துக்கொண்டவள், காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் வியாழக்கிழமையே வருவதாகத்தானே முதலில் சொன்னார்கள்? வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதிகாரி ஆபீசில்தான் இருந்தார்."

இப்போது என்ன என்றேன். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து விரல் விட்டு எண்ணினாள். இன்று சனி. நாளை ஞாயிறு, இறந்தவர்களின் நாள் வேறு. திங்கள், கொலம்பியாவிலிருந்து பிரிந்த நாள். செவ்வாய், கொடி நாள். புதன், கொலோன் ஊருக்கே உரிய நாள். "வியாழக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய்விடலாம்" என்றாள். ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்று திரும்பவும் கேட்டாள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அஷ்டமியை எந்த பாஷையில் சொல்லி அவளுக்குப் புரியவைப்பது? கடலைப் பார்ப்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடல் அந்தப் பக்கம் இல்லை.

கொலோன் பழைய ஊர். ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்திருக்க வேண்டும். மாடி வீடுகளில் மரப் பலகைகள் உளுத்து, பால்கனிகளில் துணி காய்கிறது. நான் தங்கிய விடுதியில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் ஏதோ இரும்புக் கடைக்காரன் கொடுத்த காலண்டர். அதில் நவம்பர் மாதத்தைப் பார்த்தேன். மூன்று, நான்கு, ஐந்து, பத்து, இருபத்தெட்டு எல்லாம் சிவப்பு. அடுத்த தாளைத் தூக்கினால் டிசம்பர் எட்டும் சிவப்பு. அன்னையர் தினத்துக்கு அங்கே அரசு விடுமுறையாம். காலண்டரைத் திருப்பிச் சுவர்ப் பக்கமாக மாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சத்தமில்லாமல் இருந்தது. அன்று பாட்டுப் போட மாட்டார்கள், மது விற்க மாட்டார்கள். டாக்சிக்காரர் ரூபேன் எனக்குப் பழக்கமானது அன்றுதான். அவருடைய தாத்தா கால்வாய் வெட்ட ஏதோ தீவிலிருந்து வந்தவராம். அதனால் வீட்டில் ஆங்கிலம் பேசுவார்களாம். ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போக வேண்டும் என்றேன். அவர் தன் மனைவியின் கல்லறைக்குப் போகிற வழி, ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

பிணவறையின் இரும்புக் கேட் பூட்டியிருந்தது. காவல்காரர் கம்பி வழியே விரலை ஆட்டினார். உள்ளே என் தம்பி இருக்கிறான் என்று சைகையில் சொன்னேன். அவர் தலையாட்டினார், புரிந்துகொண்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் விரல் மறுபடி ஆடியது.

வேறு போக்கிடம் இல்லாமல் ரூபேனோடு கல்லறைக்குப் போனேன். நம்ம ஊர்க் கல்லறைத் திருநாள்தான். திண்டிவனத்திலும் இதே தேதியில் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ரூபேன் ஒரு வாளித் தண்ணீரில் கல்லைக் கழுவினார், பிளாஸ்டிக் பூவை எடுத்துவிட்டு நிஜப் பூ வைத்தார், பிறகு எனக்கும் அவருக்குமாக ஒரு டப்பாவைத் திறந்தார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, அதில் பச்சைத் துவரை. அவ்வளவு தூரம் தாண்டி வந்து துவரை! தீட்டுக்காரன் கல்லறையில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. பசி ஜெயித்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் மேளச் சத்தம். தூக்கக் கலக்கத்தில் கெடாரில் இருப்பதாகவே நினைத்துவிட்டேன். எங்கள் பக்கம் காலையில் இப்படி மேளம் கேட்டால் எந்தத் தெருவில் சாவு என்று கேட்டுக்கொண்டே எழுந்திருப்போம். எட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வெள்ளைக் கையுறை, முழுக்கைச் சட்டை, கழுத்தில் பட்டை போட்டு மாட்டிய மேளம். அந்த வெயிலில் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டே போகிறார்கள். தாய்மார்கள் ஓரத்திலேயே ஓடி ஓடித் தண்ணீர் கொடுக்கிறார்கள். வேறொரு சமயமாக இருந்தால் நானும் வாய் பிளந்து பார்த்திருப்பேன்.

அன்றைக்கும் பிணவறைக்குக் கிளம்பினேன். நான்கு தெரு தாண்டுவதற்குள் டாக்சி ஊர்வலத்தின் நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னால் ஒரு பள்ளிக்கூடம், பின்னால் ஒரு பள்ளிக்கூடம். ரூபேன் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிட்டார். எனக்குப் பின் சீட்டில் வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து செல்வி கூப்பிட்டாள்.

"மாமா, பாத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. இங்க லீவு."

"இன்னா மாமா அங்க மேளச் சத்தம் கேக்குது?"

"சுதந்திர தினமாம்மா."

"இங்க பந்தலு போட்டு வெச்சிக்கினு எல்லாரும் குந்திக்கினு கீறாங்க மாமா. ஜல்தி பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சும்மா அறையில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தலைநகரில் மரிசோலைப் பார்க்கப் பஸ் ஏறினேன். தப்பான பஸ். அது கடலோரமாகவே போய் ஒரு மீனவர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. திரும்பி வரப் பஸ் எப்போது என்று கேட்டால், இன்று கொடி நாள், ஓட்டுநர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு நம்ம ஊரில் எத்தனை சிறப்புப் பேருந்து விடுகிறார்கள்! இங்கே திருநாள் என்றால் இருக்கிற பஸ்சும் நின்றுவிடுகிறது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் மூன்று மணி நேரம் ஒண்டி நின்றேன். கடைக்காரப் பெண் பச்சை வாழைக்காயைத் தட்டையாக நசுக்கிப் பொரித்து ஒரு தட்டு கொடுத்தாள். அவள் தன் அக்காவிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். "ஊர்வலம் பார்க்க வந்தவர் முகம் இவ்வளவு சோகமாக இருக்கக் கூடாது என்கிறாள்" என்றார். கடைசியில் மீன் ஏற்றிய ஒரு வேனில் திரும்பி வந்தேன்.

புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. கொலோன் ஊருக்கு அன்று தனித் திருநாள். முந்தைய இரண்டு நாளும் ஒத்திகை என்று நினைக்கும் அளவுக்குக் கூட்டம். கொலம்பியா நாட்டுப் படை இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன நாளாம். இருபத்தெட்டாம் தேதி எதற்கு என்று ரூபேனைக் கேட்டேன். அது ஸ்பெயினிடமிருந்து விடுதலை. பத்தாம் தேதி? அந்த விடுதலைக்கு முதன்முதலில் ஒரு சிற்றூரில் குரல் எழுந்த நாள்.

"எத்தனை தடவைதான் சுதந்திரம் வாங்குவீங்க? ஒரே நாள்ல வெச்சிக் கொண்டாடித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

ரூபேன் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "எங்கள் நாடு சின்னது. கொண்டாட வேறு என்ன இருக்கிறது? உங்கள் தம்பியை இந்த நாட்கள் பிடித்து வைத்திருப்பதற்கு நான் வெட்கப்படுகிறேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. முதல் இரண்டு நாட்களை நான் இழந்தது அவர்களால் இல்லையே.

வியாழக்கிழமை கேட் திறந்தது.

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். செல்விக்காக ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று மரிசோலை விட்டுக் கெஞ்சச் சொன்னேன். நடக்கவில்லை. உள்ளே இழுப்பறையை இழுத்தார்கள். குமரவேல்தான். உதடு கறுத்திருந்தது, கன்னம் உள்வாங்கியிருந்தது. மற்றபடி அவனே. சின்ன வயதில் மல்லாட்டை வயலில் கிணற்றுக் கல் பட்டுப் புருவத்தில் ஏற்பட்ட தழும்பு அப்படியே இருந்தது. "டேய்" என்றேன். மரிசோல் என் முதுகில் கை வைத்தபடி நின்றாள். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அந்த ஊழியர் இழுப்பறையை மூடாமல் காத்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும்.

அடையாளம் காட்டியாயிற்று. இனி அதிகாரி கையெழுத்து. மேலே ஆபீசுக்குப் போனால் அவர் நாற்காலி காலி. திங்கள் முதல் புதன் வரை லீவு, சனி ஞாயிறு லீவு, அடுத்த திங்கள் பத்தாம் தேதி லீவு. நடுவில் வியாழன், வெள்ளி என்று இரண்டு நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மனிதர் குடும்பத்தோடு மலைப் பக்கம் போய்விட்டார். இதற்கு அவர்கள் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தாலுகா ஆபீசில் பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் நடக்கிறதுதான்.

"செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்று குமாஸ்தாப் பெண் சொன்னாள். கெட்டவள் இல்லை. குரலில் ஒரு சலிப்பும் இல்லாமல், மேசையில் இருந்த பேப்பரை அடுக்கிக்கொண்டே சொன்னாள். புருஷன் செத்து வாரிசுச் சான்றுக்கு வருகிற பெண்களிடம் நான் இதே குரலில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்: ஆபீசர் லீவும்மா, திங்கக்கிழமை வாங்க. அவர்கள் படியிறங்கிப் போவதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மரிசோல் அந்த ஆபீசில் போட்ட சண்டை கீழ்த்தளம் வரை கேட்டது. பொறுப்பில் இருந்தவர் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு மட்டும்தான் கையெழுத்துப் போடலாமாம். கப்பலில் இறந்தவனுக்கு விடுப்பில் போன அதிகாரியே போட வேண்டுமாம். வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தாள். "என் நாடு. ஆனால் இந்த மாதத்தில் எனக்கே பிடிக்காது" என்றாள்.

சனி, ஞாயிறு மழை. திங்கள் பத்தாம் தேதி, மழையிலும் மேளம். இரண்டு முறை ஊரில் கரண்ட் போனது. ஒவ்வொரு முறை மின்விசிறி நிற்கும்போதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்தப் பிணவறையில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது? கேட்டு என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். வெயிலில் சிவந்த முகம், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எழுந்து நின்று கை கொடுத்தார். கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எம்பாமிங் செய்கிறவர் உள்ளே போய்ச் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். மரிசோலிடம் தாழ்ந்த குரலில் பேசினார். அவள் என் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "குளிர்ப் பெட்டி சரியாக ஓடவில்லையாம். அவரால் முடிந்ததைச் செய்வார். ஆனால் தகரப் பெட்டியில் வைத்து ஈயம் பூசி மூடி, அதை ஒரு மரப் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்ப முடியும். ஊரில் திறக்கக் கூடாது." திறக்க மாட்டோம் என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். போன வியாழக்கிழமை செய்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வியாழக்கிழமையைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

செல்விக்குப் போன் போட்டேன். மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப நான் பாக்க முடியாதா மாமா?"

"முடியாதும்மா."

"நீங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"எப்பிடி இருந்தாரு?"

"தூங்கற மாதிரி இருந்தான்" என்றேன். வியாழக்கிழமையைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. "மூடின பொட்டியா இருந்தாலும் பரவால்ல. எடுத்துக்கினு வாங்க" என்றாள்.

சென்னையில் பெட்டியை வாங்கி ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்தைத் தாண்டியபோது விடிந்து கடைகள் திறந்துகொண்டிருந்தன. தாலுகா ஆபீஸ் நாள்தான். யாராவது என் கடை முன்னால் நின்று பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். விழுப்புரம் தாண்டிக் கெடாருக்குள் நுழைந்ததும் மழைக்குள்ளேயே மேளம் ஆரம்பித்துவிட்டது. இந்த முறை எங்களுக்கான மேளம்.

ஆறு பேர் தூக்கிப் பந்தலுக்குள் வைத்தார்கள். அம்மா பெட்டியின் மேல் விழுந்து அடித்துக்கொண்டாள். "அஷ்டமின்னு நான்தானே நிறுத்தி வெச்சேன் பாவி" என்று கதறினாள். நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. புதைப்பதாக முடிவு. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வர மாட்டார்கள். வாய்க்கரிசியை வீட்டு வாசலிலேயே போட்டுவிடுவார்கள். பங்காளி முறையில் பெரியவர் ஒருவர் பெட்டியைச் சுற்றி வந்தார்.

"தெக்கால தல வெக்கணும். தலமாடு எந்தப் பக்கம்பா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தப் பெட்டி இரண்டு பக்கமும் ஒரே அகலம். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி சீட்டு, ஒரே மாதிரி முத்திரை, ஒரே மாதிரி எனக்குத் தெரியாத எழுத்து. கொலோனில் பதினோரு நாள் இருந்து இருபது தாளில் கையெழுத்துப் போட்டவன், இதை ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்வி ஈர முந்தானையோடு வந்து நின்றாள். வலது கையில் அரிசி. பெட்டியின் இந்த முனையைப் பார்த்தாள், அந்த முனையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாயி எங்க மாமா?"

"இந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினேன்.

அவள் குனிந்து, நான் காட்டிய இடத்தில், பலகையின் மேல் அரிசியைப் போட்டாள்.